கால்கட்டு

கார்த்திகை நட்சத்திரம் கூடிய நாளில் வல்லக்கோட்டைக்குப் போகிறவர், தரிசன வரிசையில் நிற்கும் தாய்மார்களின் கைகளைச் சற்றே கவனித்தால், அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு நான்காக மடித்த காகிதம் ஒன்றும் இருக்கக் காண்பார். அது பெரும்பாலும் மகனுடைய ஜாதகத்தின் நகல். ஏறக்குறைய ஏழடி உயரத்தில், வள்ளி தெய்வயானை சமேதராகக் கம்பீரமாய் நின்றருளும் சுப்பிரமணிய சுவாமியின் பாதத்தில் அதை வைத்து வாங்கிக்கொண்டு போனால், அடுத்த தை பிறப்பதற்குள் வரன் குதிர்ந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அருணகிரிநாதர் பாடிய தலம் இது. நாட்டை இழந்து வந்த பகீரதன் என்னும் அரசன், துர்வாச முனிவரின் உபதேசப்படி இங்கே வழிபட்டு இழந்ததையெல்லாம் மீட்டுக்கொண்டான் என்று தலபுராணம் சொல்கிறது. ஆகவே, கைவிட்டுப் போன மனையையும் வீட்டையும் கேட்க வருகிறவர்களும், இனிமேல்தான் கிடைக்க வேண்டிய மருமகளைக் கேட்க வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு தேவியரோடு நிற்கும் தெய்வத்திடம், 'என் பிள்ளைக்கு ஒருத்திகூட அமையவில்லையே' என்று முறையிடுவதில் உள்ள நியாயத்தை யாரும் மறுக்க முடியாது.

கோயிலை விட்டுப் பிரதான சாலைக்கு வந்துவிட்டால் வேறோர் உலகம் எதிர்ப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் அந்தச் சாலையில், ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்களையும் ஷிப்டுக்குப் போகிறவர்களையும் சுமந்துகொண்டு கம்பெனி பஸ்கள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது, 2014-ல் மூடப்பட்டது; 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான் ஆலை திறந்தது. இந்த வருஷக் கணக்கை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பொழுது ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா முடித்த கையோடு தென் மாவட்டங்களிலிருந்து ஒரு தோல்பையும் சான்றிதழ் உறையுமாக இங்கே வந்து இறங்கி, சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் ஆறு பேருக்கு ஓர் அறை என்று பேச்சிலர் ரூம்களில் குடியேறிய பிள்ளைகளில் மூத்தவர்களுக்கெல்லாம் இன்று நாற்பது வயது கடந்துவிட்டது. இந்தத் தொழில் வட்டாரம் தன் முதல் நடுவயதுத் தலைமுறையை இப்பொழுதுதான் காண்கிறது.

அத்தலைமுறையில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. நான் அறிந்த எவருடைய சாயலும் அவரிடம் கிடையாது. விஷயத்தை விளக்கிச் சொல்வதற்காக நானே வகுத்துக்கொண்ட உருவம் அது. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்து நான்கு, படப்பையில் தவணைக் கடனில் கட்டிய வீடு, மனைவி, கல்லூரி வாசலில் நிற்கும் மகள், பத்தாம் வகுப்பில் ஒரு மகன். குடி கிடையாது, கடன் பாக்கி கிடையாது, தெருவில் நல்ல பெயர். இருபத்து மூன்றாவது வயதில் அறைத் தோழன் ஒருவன் வேலையை விட்டு ஊருக்குப் போனபொழுது, பத்து நாள் சாப்பாடு இறங்காமல் இவர் சுருண்டு கிடந்ததைக் கண்ட மற்றவர்கள் காய்ச்சல் என்றார்கள். இவரும் காய்ச்சல் என்றே நம்பினார். அதை இன்னதென்று சொல்லும் ஒரு சொல் அவருக்கு வாய்ப்பதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்தச் சொல் வாய்க்கும் முன்பு வேறொரு சொல் அவரை வந்து பற்றிக்கொண்டது. பெண் பார்க்கலாம் என்றால் பிடிகொடுக்காமல் நழுவுகிற பிள்ளையைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு: "ஒரு கால்கட்டப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்." கால்கட்டு என்பது கொட்டிலிலிருந்து பிறந்த சொல். பயிரை மேயப் பாயும் மாட்டின் கால்களைப் பிணைத்துக் கயிறு கட்டுவார்கள். அது ஓடாது, ஆனால் நின்ற இடத்தில் மேயும். ஊதாரியாய்த் திரிகிறவனுக்கும், சந்நியாசம் பேசுகிறவனுக்கும், புத்தி சற்றே தடுமாறினவனுக்கும், காரணம் சொல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்கிறவனுக்கும் ஒரே மருந்தாக இக்கயிற்றையே நம் சமூகம் கொடுத்து வந்திருக்கிறது. மாட்டைக் கட்டும் கயிறு ஒரு மாட்டோடு நின்றுவிடும். கல்யாணம் என்கிற கயிற்றின் மறுமுனையிலோ இன்னொரு வீட்டுப் பெண்ணின் காலும் கட்டுண்டு கிடக்கிறது என்பதை, இந்தச் சொல்லை வாத்ஸல்யத்தோடு உச்சரிக்கும் வாய்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான்; எஞ்சியது அதன் விவரம்.

'குழந்தை பெற்றவர், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், திடீரென்று தமக்கு ஆண்களிடத்தில்தான் நாட்டம் என்றால் அது எப்படி?' என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். உடல் ஒரு காரியத்தைச் செய்ய வல்லதாயிருப்பது வேறு. உள்ளம் யாரை நோக்கித் தானாகத் திரும்புகிறது என்பது வேறு. அந்தத் திருப்பத்தை ஒருவன் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது இவ்விரண்டினும் வேறு. மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் இவை மூன்று என்பதையே உணர்வதில்லை, செருப்புக் கடிக்காதவன் காலை நினைக்காதது போல. 1948-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் கின்ஸி ஆயிரக்கணக்கான ஆண்களை நேரில் விசாரித்து வெளியிட்ட நூலில், மனிதரை இரண்டு தொட்டிகளாகப் பிரிக்காமல் பூஜ்யம் முதல் ஆறு வரை ஓர் அளவுகோலில் நிறுத்திக் காட்டினார். இரு முனைகளுக்கும் நடுவே நிற்கிறவர்களும் பலர் என்பது அதனால் தெரிய வந்தது. ஆகையால் நடுவயதில் இவ்வாறு உணருகிற ஒவ்வொருவரும் ஒரே வகையினர் அல்லர். மனைவியிடத்தில் மெய்யான இச்சையும் உள்ளவர்கள் உண்டு. அவர்கள் இருபாலீர்ப்பு உடையவர்கள். மனைவியை உயிராக நேசித்தும் இச்சை மாத்திரம் ஒருநாளும் எழாதவர்கள் உண்டு. நேசமும் இச்சையும் ஒன்றென்று நாம் கொண்டிருக்கும் மயக்கமே இந்த இரண்டாம் வகையினரை நெடுங்காலம் ஏமாற்றி வைக்கிறது.

இந்நாட்டம் நோயா என்றால், அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் தத்தம் நோய்ப்பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டன. வளர்ப்பின் குற்றமா, சேர்க்கையின் தோஷமா என்று துருவுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இதற்குத் தனியொரு காரணம் அகப்படவில்லை என்பதே. ஏறத்தாழ 4,77,000 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வும், இதைத் தீர்மானிக்கும் மரபணு என்று ஒன்று கிடையாது, பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் பிறவும் கலந்தே இது அமைகிறது என்றது. ஒருவனுடைய ஸ்வபாவம் எங்கிருந்து வந்தது என்பதை வரிவரியாகச் சொல்ல முடியாமற் போவதனால் அந்த ஸ்வபாவம் பொய்யாகிவிடுவதில்லை.

சொல் இல்லாமையைப் பற்றிச் சொன்னேன். நம் கதாபுருஷர் வளர்ந்த ஊரில் இதைக் குறிக்க இருந்தவை வசைச் சொற்கள் மாத்திரமே. சென்னையில் இத்தகையோர் தமக்குள் வழங்கும் 'கோத்தி' போன்ற சொற்கள் பின்னாளில் காதில் விழுந்தபொழுதும், நளினமான நடையும் பேச்சும் உள்ளவரையே கோத்தி என்பார்கள் என்று தெரிந்து, நான் அப்படி இல்லையே என்று ஆறுதல் அடைந்தார். மீசை வைத்தவர், அசெம்ப்ளி லைனில் முப்பது பேரை மேய்க்கிறவர், கபடி ஆடியவர் ஆயிற்றே! ஆண்மைத் தோற்றத்துக்கும் நாட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை அறியாததனாலேயே தம்மை அறியாமல் போனவர்கள் அநேகர். 2022-ல் தமிழ்நாடு அரசு நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் இப்பொருள் பற்றிய கண்ணியமான சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. இப்பொழுது 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து வரும் பஸ்ஸில், கைப்பேசியின் வெளிச்சத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு அந்தச் சொல்லை முதன்முறையாக வாசிக்கும் நாற்பது வயதுக்காரர் அடையும் திகைப்பை, கையெழுத்துப் போடக் கற்ற அன்று முதியவர் ஒருவர் அடையும் திகைப்போடு ஒப்பிடலாம். பெயர் பழையது, எழுத்து அன்றுதான் வந்தது.

நடுவயதில் ஏன் என்றால், அதுவரை வாழ்க்கை அவகாசம் கொடுப்பதில்லை. வேலை நிரந்தரமாக வேண்டும், தங்கை கல்யாணம் நடக்க வேண்டும், வீடு எழும்ப வேண்டும், பிள்ளைகள் தலையெடுக்க வேண்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்த கடமைகள் நாற்பதுக்கு மேல் சற்றே விலகும்பொழுது, அவற்றின் பின்னால் உட்கார்ந்திருந்த மனம் கண்ணுக்குத் தெரிகிறது. தகப்பனார் காலமாவது அநேகருக்கு ஒரு திருப்பமாக அமைந்துவிடுகிறது. யாருக்குப் பயந்தோமோ அவர் போன பிறகும் பயம் போகவில்லை என்று காணும்பொழுதுதான், பயந்தது அவருக்கு மாத்திரம் அல்ல என்பது புரிகிறது.

இந்த விஷயத்தைத் தகப்பனிடமிருந்தே தொடங்கியவர் நம் தமிழ் எழுத்தாளர் ஒருவர். ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரையின் 'சின்னமன் கார்டன்ஸ்' என்னும் நாவல் 1998-ல் வெளிவந்தது. அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் குழு இலங்கைக்கு வந்த 1927-ஆம் ஆண்டை ஒட்டிய கொழும்புக் கதை. கறுவாத்தோட்டத்துத் தமிழ் முதலியார் குடும்பத்து மகன் பாலேந்திரன், நாற்பதை எட்டியவன், மனைவியும் வளர்ந்த மகனும் உடையவன். லண்டனில் படித்த நாளில் ரிச்சர்ட் என்ற ஆங்கிலேயனோடு அவன் வாழ்ந்ததை அறிந்து, கப்பலேறிப் போய்ப் பிரித்துக் கொணர்ந்து கல்யாணம் செய்துவைத்தவர் தகப்பனார். இருபது வருஷம் கழித்து அந்த ரிச்சர்ட் கொழும்புக்கு வந்து நிற்கிறான். சட்டத்துக்கும் ஊருக்கும் அஞ்சியே ஆகவேண்டிய அந்தக் காலத்தில் பாலேந்திரனுக்கு விடுதலை எதுவும் கிடைத்துவிடாது என்பது வாசகனுக்கு முன்பே தெரியும். என்றாலும், தகப்பனிடம் அவன் வாய்திறந்து பேசுவானா என்பதையே எதிர்பார்த்துப் பக்கங்களைப் புரட்டுகிறோம்.

அடுத்த மாநிலத்தில் இதையே பேசும் படமாக்கினார்கள், அதுவும் முதல்தர நட்சத்திரத்தை வைத்து. 2023 நவம்பரில் வெளியான 'காதல் – தி கோர்' என்ற மலையாளப் படத்தைத் தமிழர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடும். இயக்கியவர் ஜியோ பேபி. மம்மூட்டி தாமே தயாரித்து நடித்தார். மனைவி ஓமனாவாக நம் ஜோதிகா. கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயி என்னும் மலையோரக் கிராமத்தில், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாத்யூ பஞ்சாயத்து இடைத்தேர்தலுக்கு நிற்கிறார். அதே சமயத்தில் இருபது வருஷ மனைவி விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறாள்: கணவர் தன்பாலீர்ப்பு உடையவர், கார் ஓட்டக் கற்பிக்கும் ஒருவரோடு அவருக்கு நெடுநாள் உறவு என்று. மாத்யூ மறுக்கிறார். கூச்சல் கிடையாது, அடிதடி கிடையாது. கணவனும் மனைவியும் வழக்கு நடக்கும்பொழுதே ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே மாதா கோயிலுக்குப் போகிறார்கள். கடைசியில் உண்மை வெளிப்படுவது மாத்யூவின் வாயால் அல்ல. சாட்சிக் கூண்டில் ஏறிய கிழத் தகப்பனாரின் வாயால். மகனின் இயல்பு தமக்குத் தெரியும் என்பதையும், கல்யாணத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி முடித்துவைத்ததையும் அவர் ஒப்புக்கொள்கிறார். கால்கட்டைப் போட்டவரே அவிழ்த்துவிடுவதை நம் சினிமா அதற்கு முன் எங்கே காட்டியது? 2023-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று கேரள அரசு அதற்கு விருது அளித்தது. எனக்கு அப்படத்தில் ஒரு குறை உண்டு: மாத்யூவின் துயரத்தைப் பெரும் பரிவோடு பார்க்கும் காமிரா, அந்த மற்றொருவர், கார் ஓட்டக் கற்பிக்கும் ஏழை, தம் வாழ்நாளை எப்படிக் கழித்தார் என்பதைப் போகிற போக்கில் மாத்திரமே பார்க்கிறது.

கதைகளை விட்டு மெய்யாக வாழ்ந்தவரிடம் வருவோம். குஜராத்தின் ராஜ்பிப்ளா அரச வம்சத்தில் 1965-ல் பிறந்த மான்வேந்திர சிங் கோஹில், 1991-ல் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மணம் நிறைவேறவே இல்லை; மறுவருஷம் விவாகரத்து. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாமும் நம்பியதாகவும், தம்மால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டது என்ற குற்ற உணர்ச்சி நீங்கவில்லை என்றும் பிற்காலத்தில் அவர் பல பேட்டிகளில் சொன்னார். 2002-ல் மனம் நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தபொழுது, வைத்தியர் மூலமாகப் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது. 2006 மார்ச்சில், தம் நாற்பதாவது வயதில், ஒரு குஜராத்தி நாளிதழுக்கு அளித்த பேட்டியில் ஊரறியச் சொல்லிவிட்டார். ராஜ்பிப்ளாவில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். குடும்பத்தார், இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். அரண்மனை உள்ளவர் எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். தவணை கட்டும் ஆபரேட்டர் என்ன செய்வார் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அவருக்கு விளம்பரம் கொடுக்கத் தேவையில்லை. பஸ்ஸில் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், மறுநாள் காண்டீனில் முழு லைனுக்கும் தெரிந்துவிடும்.

கோஹில் பேட்டி கொடுத்த நாளில் சட்டம் அவருக்கு எதிராக இருந்தது. 1860-ல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறானது' என்று தான் கருதிய சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. நம்மவர் தோட்ட வேலைக்குப் போன மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதே எண்ணே அவர்களோடு கப்பலேறிப் போயிற்று என்பது சரித்திரத்தின் வேடிக்கை. தில்லி உயர் நீதிமன்றம் 2009-ல் அதன் பல்லைப் பிடுங்கியது. உச்ச நீதிமன்றம் 2013-ல் மறுபடி ஒட்டவைத்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் மனமொப்பிய உறவு குற்றமாகாது என்று தீர்த்தார்கள். இவர்களுக்கும் இவர்கள் குடும்பத்தாருக்கும் சரித்திரம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்ற கருத்தை அத்தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். குடும்பத்தாரையும் சேர்த்துச் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே பாலினத்தார் மணம் செய்துகொள்ளும் உரிமையை மாத்திரம் அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்கவில்லை.

இவையெல்லாவற்றிலும் என் மனத்தை அதிகமாகத் தொட்டது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று. மதுரையிலிருந்து ஓடிவந்து பாதுகாப்புக் கோரிய இரண்டு இளம்பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் தாமே சென்று பாடம் கேட்டுக்கொண்டு வந்து, 2021 ஜூன் 7-ல் உத்தரவு பிறப்பித்தார். இந்நாட்டத்தை 'மாற்றிவிடுகிறோம்' என்று செய்யப்படும் வைத்தியங்கள் அதில் தடுக்கப்பட்டன; மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய வைத்தியத்தைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. நியாயாசனத்தில் இருப்பவரே மாணாக்கராக உட்கார்ந்து கற்க முடிந்ததென்றால், மாமியாரும் மைத்துனரும் கற்க முடியாது என்பதில்லை.

இனி மறுமுனையில் கட்டுண்டவளிடம் வருகிறேன். இவளைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றி மாத்திரம் அனுதாபப்படுகிற எழுத்து அரை எழுத்து.

கணவன் கை தன்னிடத்தில் தயங்குவதை எந்தப் பெண்ணும் முதல் வருஷத்திலேயே அறிந்துவிடுகிறாள். காரணத்தை மாத்திரம் அறிவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் தன்னையே காரணமாக நிறுத்திக்கொள்ளும்படிதான் நம் பெண்கள் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். நிறம் போதவில்லையோ, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பருத்துவிட்டதோ, அவர் மனத்தில் வேறு யாரேனும் ஒருத்தியோ என்று இவள் தேய்கிறாள். பிள்ளை பிறக்கத் தாமதமானால் கோயில் குளமென்று சுற்றவும், மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளவும், விசேஷ வீடுகளில் ஒதுங்கி நிற்கவும் நேர்வது இவளுக்கே. குடிகாரனுடைய மனைவி அண்டை வீட்டில் சொல்லி அழலாம். நல்லவன் என்று ஊர் கொண்டாடும் மனிதனுடைய மனைவி எதைச் சொல்லி அழுவாள்? 2014-ல் பெங்களூரில் ஒருத்தி வீட்டில் காமிரா வைத்துப் பதிவுசெய்து கணவன்மேல் 377-ன் கீழ்ப் புகார் கொடுத்தாள், அவர் கைதானார். அவள் செய்தது நியாயமா என்று அப்பொழுது பலர் விவாதித்தார்கள். அவ்வளவு தூரம் போகும்படி எத்தனை நாள் அந்த வீட்டில் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இருந்திருக்கும் என்பதை யாரும் விவாதிக்கவில்லை. 2015-ல் தில்லியில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இதே துயரத்தை எழுதி வைத்துவிட்டு உயிரையே விட்டார்.

அமெரிக்காவில் அமிட்டி பக்ஸ்டன் என்ற அம்மையார் இதற்கு வேறு வழி கண்டார். கால் நூற்றாண்டு மணவாழ்வுக்குப் பின் கணவர் தம் இயல்பை வெளிப்படுத்தியபொழுது, தம்மைப் போன்ற வாழ்க்கைத் துணைவரைத் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டு, 1991-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர்களுக்கென்று ஒரு துணை அமைப்பையும் வளர்த்தார். கணவன் ரகசியத்தை விட்டு வெளியே வரும் அதே நாளில் மனைவி அந்த ரகசியத்துக்குள் தள்ளப்படுகிறாள் என்பதே அவர் கண்ட முக்கியமான உண்மை. ஊரிலே, பிள்ளைகளிடத்திலே, தாய் வீட்டிலே என்ன சொல்வது என்ற பாரம் அன்று முதல் இவள் தலையில். நம் மாநிலத்தில் இப்பெண்களுக்கென்று தனியாகப் பேசும் குரலை நான் இன்னும் போதிய அளவில் கேட்கவில்லை.

ஆகையால், தம்மைத் தாம் அறிந்துகொண்ட கணவர் முதலில் கடன்பட்டிருப்பது ஊருக்கு அல்ல, இவளுக்கு. உண்மையைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும் என்பது மெய். ஆனால் சொல்லாமலே கைப்பேசிச் செயலிகளில் பொய்ப் பெயரோடு அலைந்து, சந்தித்த இடத்தில் மிரட்டப்பட்டுப் பணத்தையும் மோதிரத்தையும் பறிகொடுத்துவிட்டு, வழியில் தொலைந்தது என்று வீட்டில் சொல்வதற்கும் ஒருவகைத் தைரியம் வேண்டியிருக்கிறதல்லவா? அப்படி மிரட்டிப் பறிப்பது இன்றைய சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். பறிகொடுத்தவர் குற்றவாளி அல்லர். இது தெரியாததனால்தான் மிரட்டுகிறவர்களின் பிழைப்பு நடக்கிறது. வெளியே உறவு இருந்திருக்குமானால், மனைவியின் உடல்நலத்தை முன்னிட்டாவது அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போய் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவருடைய முதல் கடமை. அதை ஒத்திப்போடுவதற்கு எந்தச் சங்கோசமும் சமாதானம் ஆகாது.

சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. மனமொத்துப் பிரிவதற்கு இந்து திருமணச் சட்டத்தில் 1976 முதல் வழியுண்டு: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுச் செய்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரியாமல், இச்சை இல்லாத தோழமையாக அதே கூரையின்கீழ் வாழத் தீர்மானிப்பவர்களும் உண்டு. கோழைத்தனம் என்று அதை ஏசுகிற வாலிபர்களோடு எனக்கு உடன்பாடில்லை, இருவருமே விஷயம் அறிந்து தீர்மானித்திருந்தால். ஒருவர் மாத்திரம் அறிந்து மற்றவருக்கும் சேர்த்துத் தீர்மானிப்பதே ஆகாதது. பேச ஆள் வேண்டுவோருக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1998 முதல் இயங்கும் சகோதரன், அதன்பின் தோன்றிய ஓரினம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

நம் கற்பனை மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வெளியே போயிருந்த வேளையில், சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாக்கியம், அவற்றை மனத்துக்குள் கோப்பதற்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, வெகுநேரம் கழித்து ஒன்றுதான் கேட்டாள்:

"அப்ப என்னைய எதுக்குங்க கட்டுனீங்க?"

அவருக்கு ஞாபகம் வந்தது, கல்யாணத்துக்கு முந்திய ஒரு கார்த்திகை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பேச்சிலர் ரூமின் அழுக்குத் துணிகளையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, இவரையும் அழைத்துக்கொண்டு வல்லக்கோட்டை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றது. ஜாதகத்தை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே எல்லாம் அவன் பாத்துக்குவான்யா" என்றது. அந்த நிமிஷத்தில் அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியைக் குலைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்பதை இவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், மேஜைமேல் இருந்த கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நேரத்தில் பேசுவது வழக்கம். எடுக்காவிட்டால் பதறிப் போவாள் என்று அறிந்த மருமகளே எடுத்தாள்.

"சாப்டாச்சாம்மா? பேரனுக்கு ஜாதகம் எழுதிட்டீங்கன்னு சொன்னியே, அடுத்த கார்த்திகைக்கு வல்லக்கோட்டை போறப்ப அதையும் சாமி பாதத்துல வச்சு வாங்கிருங்க. இப்பவே வச்சு எடுத்துட்டா நல்லது."

"சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு, அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.